வறண்ட முகமும் வன்னீரும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் மூத்தோர். அகத்தைப் பேணும் வழி கூறும் நூல்கள் பல உள. ஆனால் முகத்தைப் பேணுவது எப்படி என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் யாது விடை கூறுகிறோம்? "போய்ப் புத்தகத்தை எடுத்துப் படி" என்று அனுப்பி விடுகிறோம். அவ்வாறு கூறிய தந்தையருள் நாமும் ஒருவர். அதனால் எம் இல்லத்தில் நேர்ந்த துன்பத்தையும், அதன் பின்னர் ஏறக்குறைய மூன்று மாத காலம் நாம் குடும்பமாகச் செய்து பார்த்த சில சோதனைகளையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். வறண்ட தோலுடையார்க்கு இது பயன்படுமாயின் நன்று. பிள்ளைகளைப் பெற்றோர்க்குப் பயன்படுமாயின் இன்னும் நன்று.

மகள் வர மறுத்த கல்யாணம்

எம் மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பின்னர், ஆங்கிலம் கற்கும் பொருட்டுக் கொழும்பிலே தன் பெரியம்மா வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்தாள். அவள் யாழ்ப்பாணம் திரும்பியபோது தைப்பொங்கல் கழிந்து, மழையும் ஓய்ந்து, வாடைக் காற்று வறண்டு வீசத் தொடங்கியிருந்தது. முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிப்பது போல் இருக்கிறது என்றாள். நாளடைவில் மூக்கின் இரு மருங்கிலும் தவிடு போன்ற செதில் எழுந்தது. அழுக்கே இதற்குக் காரணம் என்று எண்ணினாள் போலும். நாளுக்கு இரு முறை கழுவிய முகத்தை ஐந்து முறை கழுவினாள். அதுவும் பயன்படாமற் போகவே, சித்திரை வருடப் பிறப்புக்குக் கிடைத்துச் சேர்த்து வைத்திருந்த கைவிசேடப் பணத்தைக் கொண்டு, கைத்தொலைபேசியில் விளம்பரம் கண்ட இரண்டு போத்தல்களை வாங்கி வந்தாள். ஒன்று முகம் கழுவும் 'கிளென்சர்'. மற்றையது, கழுவிய பின் பஞ்சில் நனைத்துத் துடைக்கும் 'டோனர்'.

"முகப்பூச்சில் மனம் சென்றால் பாடத்தில் எப்படிச் செல்லும்?" என்று நாம் கடிந்துகொண்டோம். அதன் பின்னர் அவள் முகத்தைப் பற்றி எம்மிடம் பேசவில்லை.

மாசி மாதத்தில் நெருங்கிய உறவினர் வீட்டிலே கல்யாணம். எல்லோரும் புறப்படும் வேளையில் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. "நான் வரேல்லை அப்பா. படத்துக்கு நிற்கச் சொல்லுவினம்" என்றாள். அவளைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, காலை வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தோம். கன்னம் இரண்டும் சிவந்து, நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தன. ஒரே வீட்டில் வாழ்ந்தும், ஒரு மாத காலம் அம்முகத்தை நாம் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

"கொழும்பிலையும் இதே சவுக்காரம்தானே போட்டனான். அங்கை ஒண்டும் செய்யேல்லையே" என்று அவள் சொன்னாள். அந்த ஒரு சொல் எம்மைச் சுட்டது. ஏனெனில் நாம் கல்லூரியில் இரசாயனம் கற்பிப்பவர். வன்னீர் என்றால் யாது, சவர்க்காரம் அதில் நுரையாதது ஏன் என்று இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருபவர். எம் வீட்டுக் கிணற்றடியில் மட்டும் அதனைக் காணத் தவறிவிட்டோம்.

தோல் என்னும் மதில்

முதலில் தோலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். தோலின் மிக வெளிப்புறத்தே உள்ள படை காகிதத்தினும் மெல்லியது. அங்கே இறந்த கலங்கள் செங்கற்கள் போல அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடையே சாந்து போல நின்று பிணிப்பவை செரமைட்டு, கொலஸ்திரோல், கொழுப்பமிலங்கள் என்னும் நெய்ப்பொருள்கள். இச்சாந்து செவ்வனே இருந்தால் உடலின் நீர் வெளியே கசிந்து ஆவியாகாது. வெளியிலுள்ள தூசும் நஞ்சும் உட்புகா. சாந்து கரைந்தால் மதில் வெடிக்கும். அதனையே நாம் வறட்சி என்கிறோம். ஆகவே வறண்ட தோல் என்பது அழுக்குத் தோல் அன்று. சாந்து குறைந்த தோல். அதனை மேலும் மேலும் தேய்த்துக் கழுவுவது, மதிலிற் கீறல் கண்டவன் எஞ்சிய சாந்தையும் சுரண்டி எடுப்பது போலாகும்.

இன்னொன்றும் உண்டு. தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத் தன்மை உடையது. ஜேர்மனியரான ஷாடே, மார்க்கியோனினி என்னும் இருவரும் 1928இல் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பெயரிட்டனர். அமில, காரத் தன்மைகளை அளக்கும் பீ.எச். அளவையில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆரோக்கியமான முகத் தோல் பெரும்பாலும் 5ஐ அடுத்து நிற்கும். கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் சவர்க்காரமோ 9 முதல் 10 வரை செல்லும். இவ்வளவையில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வேறுபாடு என்பதை மாணவர் அறிவர். 5க்கும் 10க்கும் இடையேயுள்ள தூரம் இலட்சம் மடங்கு. ஒரு முறை சவர்க்காரமிட்டுக் கழுவிய தோல் தன் பழைய நிலைக்கு மீளச் சில மணி நேரம் செல்லும். ஐந்து முறை கழுவினால் மீள்வதற்குப் பொழுது ஏது?

கிணற்றடியில் நிகழ்வது

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறை மீது அமைந்த நிலம். வற்றாத ஆறு எதுவும் இங்கில்லை. மழைநீர் பாறையினூடே ஊறி இறங்கிக் கிணற்றுக்கு வருகையில், கல்சியத்தையும் சிறிது மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் ஓடு இதற்குச் சாட்சி. கொழும்பு மாநகரின் குழாய் நீரோ களனி ஆற்றிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. அது மென்னீர்.

வன்னீரிற் சவர்க்காரத்தை இட்டால் கல்சியம் அதனைப் பற்றிக்கொண்டு நீரிற் கரையாத படிவாக மாற்றும். வாளியின் ஓரத்திற் சாம்பல் நிறமாய் ஒட்டுவது அதுவே. அப்படிவு வாளியில் மட்டும் ஒட்டுவதில்லை, முகத்திலும் ஒட்டும். நுரை வரவில்லையே என்று நாம் மேலும் சவர்க்காரம் தேய்ப்போம். படிவு மேலும் கூடும். இங்கிலாந்தின் ஷெபீல்டுப் பல்கலைக்கழகத்தார் முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, வன்னீரிற் கழுவிய தோலில் கழுவுபொருள் மிகுதியாகத் தங்கி எரிச்சலை உண்டாக்குகிறது என்று காட்டிற்று.

எனினும் நீர் ஒன்றே குற்றவாளி என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. 2011இல் அதே நாட்டிலே, தோல் அழற்சியுள்ள 336 சிறுவர்களிடை ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியினரின் வீடுகளில் நீரை மென்மையாக்கும் பொறிகளைப் பொருத்திப் பார்த்தும், நோய் தணிவதிற் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. நீர், சவர்க்காரம், காற்று, பிறவிக்கூறு ஆகிய நான்கும் சேர்ந்தே தோலை வறட்டுகின்றன. கொழும்புக் காற்றின் ஈரமும் எம் மகளுக்கு உதவியிருக்கும்.

ஆய்வுகூடத்திற் கண்டவை

கல்யாணத்தன்று மனையாளை அனுப்பிவிட்டு நாம் மகளுடன் வீட்டில் நின்றோம். மறுநாள் அவளை வைத்தியரிடம் காட்டினோம். பூசுவன யாவற்றையும் நிறுத்துமாறும், சில நாள் வெறும் நீரால் மெல்லக் கழுவி வெள்ளைப் பெற்றோலியக் களிம்பு மட்டும் தடவுமாறும் அவர் பணித்தார். பத்து நாளில் வெடிப்புகள் ஆறின.

இதற்கிடையில் வீட்டிலிருந்த கழுவுபொருள்களை எல்லாம் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்று பீ.எச். தாளால் அளந்தோம். மகளும் உடன் வந்தாள். குளிக்கும் சவர்க்காரம் 10. வேம்பு சேர்த்த சவர்க்காரமும் 10. குழந்தைகளுக்கென விற்கும் மென்மையான சவர்க்காரமும் ஏறக்குறைய அவ்வளவே. மணமும் நிறமும்தான் மென்மை. அம்மா பாவிக்கும் பயற்றம்மாக் கரைசல் 7க்குச் சற்றுக் கீழே. சவர்க்காரம் சேராத கழுவுகட்டி 6 அளவில் நின்றது.

இக்கழுவுகட்டி பற்றி ஒரு சொல். 1950களில் அமெரிக்காவில் 'டவ்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது இவ்வகையின் முன்னோடி. அதன் முதன்மைக் கழுவுபொருளைத் தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களிலிருந்து பெறலாம். கல்சியத்துடன் சேர்ந்து அது படிவாவதில்லை. ஆகவே கிணற்று நீரிலும் வழுவழுப்பின்றிக் கழுவுப்பட்டுப் போகும்.

மகள் வாங்கிய 'கிளென்சர்' மீதிருந்த பொடி எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். அது எண்ணெய் வடியும், பரு எழும் முகத்துக்கானது. சலிசிலிக் அமிலம் சேர்ந்தது. விளம்பரத்தில் வந்த பெண்ணின் தோலுக்கு அது பொருந்தியிருக்கலாம். எம் மகளின் தோல் அதற்கு நேர்மாறானது. 'டோனர்' போத்தலில் நீருக்கு அடுத்ததாக அற்ககோல் என்று இருந்தது. உள்ளடக்கப் பட்டியலில் அளவால் மிகுந்ததே முதலில் வரும் என்பது விதி. ஆகவே நெய்ப்பொருளைக் கரைக்கவல்ல திரவத்தையே சாந்து குறைந்த மதில் மீது நாள்தோறும் அவள் பூசியிருக்கிறாள்.

வீட்டிற் செய்த சோதனை

மகளின் கன்னத்தில் மீண்டும் சவர்க்காரம் பூச மனம் வரவில்லை. அதனால் எம் முன்கைகளையே சோதனைக்குக் கொடுத்தோம். இடக்கையைச் சவர்க்காரமிட்டுக் கிணற்று நீரிலும், வலக்கையை அதே சவர்க்காரமிட்டு, கொதிக்க வைத்து ஆற்றித் தெளித்து எடுத்த நீரிலும் நாளுக்கு ஐந்து முறை கழுவினோம். கொதித்த நீரில் வன்மையின் ஒரு பகுதி நீங்கும். நான்காம் நாள் இடக்கை வெளுத்தது. நகத்தாற் கீறினால் வெள்ளைக் கோடு விழுந்தது. வலக்கையும் வறண்டது, ஆயினும் அத்தன்மை ஏழாம் நாளிலேதான் தெரிந்தது. சவர்க்காரம் குற்றம் செய்கிறது. வன்னீர் துணை நிற்கிறது என்று மகள் தன் கொப்பியில் எழுதினாள்.

பின்னர் அவள் முகம் தேறியதும், வைத்தியரின் இசைவுடன், மென்மையான பொருள்களை ஒவ்வொன்றாகப் பத்து நாளுக்குச் சோதித்தோம். வலக் கன்னத்திற் புதுப்பொருள். இடக் கன்னத்தில் வெறும் நீர். முகத்தில் இடுமுன் முன்கையின் உட்புறத்திற் சில நாள் பூசிப் பார்த்தோம். மகளுடன் அவள் தாயும் பாட்டியும் சேர்ந்துகொண்டனர்.

பயற்றம்மாவை அம்மா மிகவும் பரிந்துரைத்தார். "முகத்துக்குச் சவுக்காரம் என்னத்துக்கு? நாங்கள் பூசினதே?" என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. பயறு சவர்க்காரம் போல் காரமானது அன்று. சிறிது எண்ணெய்ப் பிடிப்புள்ள எம் மனையாளின் முகத்துக்கு அது நன்கு பொருந்திற்று. ஆனால் மா எண்ணெயை உறிஞ்சுவது. நாள்தோறும் பூசியபோது மகளின் தோல் மீண்டும் இழுத்துப் பிடித்தது. பருமணிகள் உராய்ந்து சிவந்தது. துணியில் அரித்த நுண்மாவைப் பாலாடையிற் குழைத்து வாரம் ஒரு முறை பூசியபோது தீங்கில்லை.

நுரையாத பால் போன்ற 'கிளென்சர்' அடுத்து. கையாற் பூசி, நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பது. மகளுக்கும் பாட்டிக்கும் இதுவே இதம் தந்தது. முதுமையில் தோலின் நெய்ச் சுரப்புக் குறைவதால் பாட்டியின் வறட்சி மகளினும் மிகுதி. வீதித் தூசும் வெயிற்காப்புக் களிம்பும் சேர்ந்த நாளில் மட்டும் இது முற்றாகக் கழுவவில்லை. அந்நாள்களிற் சவர்க்காரம் சேராத கழுவுகட்டியை மாலையில் ஒரு முறை பாவித்தபோது முகம் தெளிந்தது, இழுப்பு இல்லை.

டோனர் வேண்டுமா?

இதற்கு விடை காண அதன் வரலாற்றை அறிதல் நன்று. கிறித்து ஆண்டு இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியர், தேன்மெழுகு, ஒலிவ எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குளிர் களிம்பு செய்தார் என்பர். அவ்வகைக் களிம்புகளால் முகம் துடைத்தோர்க்குப் பிசுக்கை நீக்க இன்னொரு நீர் தேவைப்பட்டது. சவர்க்காரமிட்டுக் கழுவியோர்க்கோ படிவை அகற்றிக் காரத்தைத் தணிக்க ஒரு நீர் தேவைப்பட்டது. அற்ககோலும், 'விச் ஹேசல்' என்னும் செடியின் துவர்ப்புச் சாறும் அந்நீர்களில் இடம்பெற்றன. தெரன் போண்ட் என்னும் அமெரிக்கர் அச்செடியின் சாற்றை விற்கத் தொடங்கியது 1846இல்.

ஆகவே 'டோனர்' என்பது முதற் கழுவலின் குறையைத் தீர்க்க வந்த இரண்டாவது கழுவல். முதற் கழுவலே மென்மையானால் அதன் வேலை பெரும்பாலும் தீர்ந்தது. வறண்ட தோலுடையார் ஒன்றை விரும்பினால் அற்ககோல் அற்றதாய், கிளிசரீன் சேர்ந்ததாய்த் தெரிதல் வேண்டும். 'சீற்றைல் அற்ககோல்', 'ஸ்ரியரில் அற்ககோல்' என்று பட்டியலில் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பெயரில் அற்ககோலாயினும் அவை மெழுகு போன்ற நெய்ப்பொருள்கள்.

வீட்டில் நாம், கொதித்து ஆறிய நீர் பத்துப் பங்குக்குக் கிளிசரீன் ஒரு பங்கு சேர்த்துச் செய்து பார்த்தோம். கிளிசரீன் நீரை ஈர்த்துப் பிடிக்கும் இயல்புடையது. நீர் கலவாமற் பூசினால், வறண்ட காற்றுள்ள காலத்திலே தோலின் நீரையே ஈர்த்துவிடும். நீர் கலந்து பூசி, அதன் மேற் களிம்பு இட்டபோது மகளுக்கு நற்பயன் தெரிந்தது. களிம்பு இடாதபோது அரை மணியில் இழுப்புத் திரும்பிற்று. இக்கலவையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். பன்னீர் பற்றியும் கவனம் தேவை. பன்னீர் என்று விற்பன யாவும் ரோசா மலரில் வடித்தவை அல்ல; வாசனை கலந்த நீரே பல. சபையிலே தெளிக்கும் பன்னீரை முகத்திற் பூசுதல் தகாது.

எண்ணெயும் களிம்பும்

எம் அனுபவத்திற் கழுவும் பொருளினும், கழுவிய பின் இடும் பொருளே பெரிது. முகம் காயுமுன், ஈரம் சிறிது இருக்கும்போதே களிம்பைத் தடவினால் அந்நீர் உள்ளே அடைபடும். 1872இல் செசுபரோ என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற பெற்றோலியக் களிம்பு இன்றும் இதற்கு மலிவான பொருள்.

தேங்காயெண்ணெயைப் பாட்டி விடமாட்டார். பிலிப்பைன்ஸ் நாட்டில் 34 பேரிடம் செய்து 2004இல் வெளியான பரிசோதனையொன்று, வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் கனிய எண்ணெய்க்கு நிகராகப் பயன் தந்தது என்று கூறுகிறது. பருவெழும் முகத்துக்கு மட்டும் அது ஏற்றதன்று. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. ஒலிவ எண்ணெய் தோலின் மதிலைத் தளர்த்துகிறது என 2013இல் இங்கிலாந்து ஆய்வொன்று காட்டியுள்ளது. கேலனார் இதனை அறிந்திரார்!

ஓர் எச்சரிக்கை

மகளின் துன்பத்தைக் கேள்வியுற்ற உறவினர் ஒருவர், முகத்தை 'வெள்ளையாக்கும்' களிம்பு ஒன்றை அன்போடு கொண்டு வந்தார். சிமிழின் மேற் செய்தவர் பெயரும் இல்லை, உள்ளடக்கமும் இல்லை. நாம் அதனைத் திருப்பிக் கொடுத்தோம். இவ்வகைச் சிலவற்றில் பாதரசம் சேர்வதுண்டு. அது சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும் நஞ்சு. 2013இல் உலக நாடுகள் ஏற்ற மினமாதா உடன்படிக்கை பாதரசம் சேர்ந்த முகப்பூச்சுகளைத் தடுக்க முற்பட்டது. அன்றியும், வறட்சி ஒரு குறை, அதற்கு மருந்துண்டு. கறுப்பு ஒரு குறையன்று. அதற்கு மருந்து தேடுதல் வீண்.

முடிவாகச் சில

முகத்தை நாளுக்கு இரு முறைக்கு மேற் கழுவ வேண்டாம். காலையில் வெறும் நீரே போதும். சுடுநீர் ஆகாது. துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்குக. மூன்று நிமிடத்துள் களிம்பு தடவுக. ஒரே நாளில் இரண்டு புதுப்பொருள்களைத் தொடங்காதீர். எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று பின்னர் அறிய இயலாது. தோல் வெடித்து நீர் கசிந்தாலும், கடி மிகுந்து தூக்கம் கெட்டாலும் வைத்தியரை நாடுக. முதியோர்க்கு உடல் முழுவதும் வறட்சி தோன்றின், தைரொயிட்டுச் சுரப்பிக் குறைவோ நீரிழிவோ காரணமாய் இருக்கலாம். எமது சோதனை ஒரு வீட்டின் சோதனையே. உங்கள் வீட்டுக் கிணறும் உங்கள் தோலும் வேறாயிருக்கலாம்.

இப்பொழுது வன்னீர்ப் பாடம் வரும்போது நாம் இரண்டு போத்தல்களை வகுப்புக்குக் கொண்டு செல்கிறோம்: ஒன்றில் எம் வீட்டுக் கிணற்று நீர், மற்றொன்றில் சேர்த்து வைத்த மழைநீர். மாணாக்கர் சவர்க்காரமிட்டுக் குலுக்கிப் பார்க்கின்றனர். ஒன்றில் நுரை, ஒன்றில் கலங்கல். அதன் பின்னர் மகளின் கொப்பியிலிருந்து சில வரிகளை, அவள் ஒப்புதலோடு, படித்துக் காட்டுகிறோம்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. ஆயினும் அக்கல்யாணப் படத்திலே அவளும் இல்லை, நாமும் இல்லை. உறவினர் வீட்டுச் சுவரில் அப்படத்தைக் காணும்போதெல்லாம் எமக்கு ஒன்று தோன்றுவதுண்டு. பிள்ளை தன் முகத்தைப் பற்றிப் பேசினால் அதனை அலங்கார மோகம் என்று தள்ளிவிடாதீர்கள். பகல் வெளிச்சத்துக்கு அழைத்து வந்து, ஒரு முறை நன்றாகப் பாருங்கள்.